காந்தம் கண்டால் நீளும் உலோகம்: அதன் மேற்பரப்பை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில், எங்கள் வீட்டு மர அலமாரியில், நகைக்கடையில் தோடு போட்டுக் கொடுப்பார்களே அந்தச் சின்ன ஜிப் கவருக்குள், ஒரு நிக்கல்-மாங்கனீஸ்-காலியம் ஒற்றைப் படிகத்தை ஆறு வாரம் வைத்திருந்தேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. பேராசிரியர் ‘உடைந்ததுதானே, வைத்துக்கொள்’ என்று கொடுத்தது. வைக்கும்போது கண்ணாடி போல் பளபளத்தது. லீவு முடிந்து எடுத்துப் பார்த்தால் மேலே பழுப்பாக ஒரு படலம், ஓரங்களில் புள்ளி புள்ளியாகக் கறை. கிரில் கதவும் சைக்கிள் செயினும் வருஷத்துக்கு வருஷம் கரைந்துபோகும் ஊரில் வளர்ந்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். சரி, துடைத்துவிட்டு அளந்துகொள்ளலாம் என்று ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் எக்ஸ்பிஎஸ் கருவியில் வைத்தேன். எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து, மேற்பரப்பில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று கோடு கோடாகக் காட்டும் கருவி அது. மாங்கனீஸ் ஏறக்குறைய முழுவதும் ஆக்சைடாக இருந்தது, ஆக்சிஜனும் கார்பனும்தான் உயரமாக நின்றன, கூடவே குளோரின் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. அரை நாள் கருவி நேரத்தைச் செலவழித்து மண்டபத்துக் கடற்காற்றை அளந்திருக்கிறேன்.

அன்றைக்குப் புரிந்தது பாதிதான். மீதிப் பாதி புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது. படலத்தை நீக்கிச் சுத்தப்படுத்திய பிறகு கிடைக்கும் மேற்பரப்பும் நாம் கையில் வாங்கிய கலவை அல்ல. சுத்தம் செய்யும் முறையே கலவையின் விகிதத்தை மாற்றிவிடுகிறது, இந்த உலோகத்திலோ விகிதம் கொஞ்சம் நகர்ந்தாலும் உருமாற்ற வெப்பநிலை, காந்தத்தன்மை, எலக்ட்ரான் அமைப்பு எல்லாம் கூடவே நகரும். அதாவது மேற்பரப்பு தானாகக் கிடைக்காது, நாம்தான் அதைச் செய்ய வேண்டும், செய்தது சரியா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்கவும் வேண்டும். ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி பக்கம் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டு இந்தத் துறையில் புராஜெக்ட் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், இது என்ன உலோகம்?

வடிவ நினைவு உலோகக்கலவை என்றாலே எல்லோருக்கும் நிட்டினால் நினைவுக்கு வரும். வளைத்துவிட்டு வெந்நீரில் போட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் கம்பி. அதற்கு வெப்பம் வேண்டும், சூடாகி ஆறுவதற்கு நேரமும் வேண்டும். காந்த வடிவ நினைவுக் கலவைக்கு வெப்பம் தேவையில்லை, காந்தப்புலம் போதும், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவைகூட நீண்டு சுருங்கும். இதில் அதிகம் ஆராயப்பட்டது இரண்டு பங்கு நிக்கல், ஒரு பங்கு மாங்கனீஸ், ஒரு பங்கு காலியம் கொண்ட கலவை. இது ஹாய்ஸ்லர் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃப்ரிட்ஸ் ஹாய்ஸ்லர் 1903இல் செம்பு, மாங்கனீஸ், அலுமினியம் மூன்றையும் சேர்த்தால் காந்தம் வருகிறது என்று காட்டினார். தனித்தனியாக மூன்றில் ஒன்றுகூட இரும்பைப் போலக் காந்தமாகாது, சேர்ந்தால் ஆகிறது.

சரியான 2:1:1 விகிதத்தில் இந்தக் கலவை அறை வெப்பநிலையில் கனசதுர அமைப்பில் இருக்கும், ஒரு பக்கம் சுமார் 5.82 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). இதுதான் ஆஸ்டெனைட். குளிர்வித்துக்கொண்டே போனால் 260 கெல்வின் வாக்கில் ஒரு முன்னோட்ட நிலை வரும், அப்புறம் 202 கெல்வின் அருகே மார்ட்டென்சைட்டாக உருமாறும். காந்தத்தன்மை போவதற்கு 376 கெல்வின் வரை சூடாக்க வேண்டும், ஆகவே அறையிலேயே இது காந்தம்தான். மார்ட்டென்சைட்டில் கனசதுரத்தின் ஒரு அச்சு சுமார் 6 சதவீதம் குட்டையாகிவிடுகிறது. எந்த அச்சு குட்டையாவது? படிகத்தின் ஒரு பகுதியில் ஒன்று, பக்கத்துப் பகுதியில் வேறொன்று. இந்தப் பகுதிகளுக்குத்தான் ட்வின் என்று பெயர். பனையோலை விசிறியின் மடிப்புகளைப் பாருங்கள், ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்தது அந்தப் பக்கம் சாயும், ஆனால் ஓலை எங்கேயும் கிழிவதில்லை. ட்வின்களும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காந்தமாக்கல் அந்தக் குட்டை அச்சோடு படுக்கவே விரும்பும். வெளியிலிருந்து புலம் கொடுத்தால், சாதாரண இரும்பில் காந்தமாக்கல் மட்டும் திரும்பும். இங்கே அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: புலத்தோடு ஒத்துப்போகும் ட்வின் வளர்ந்து மற்றதை விழுங்கிவிடும், மொத்தத் துண்டும் வடிவம் மாறும். 1996இல் உல்லாக்கோவும் குழுவினரும் இதைக் காட்டியபோது கிடைத்தது 0.2 சதவீத நீட்சிதான். பிறகு, ஐந்து அணு அடுக்குக்கு ஒரு தடவை நெளியும் ஐந்தடுக்கு மார்ட்டென்சைட்டில் 6, ஏழடுக்கில் கிட்டத்தட்ட 10 சதவீதம் வரை போயிற்று. வல்லம் என்ற நாட்டுப் படகு வைத்திருக்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னபோது, “நூத்துக்கு ஆறுன்னா ஒரு சாண் கம்பியில முக்கால் விரற்கடை. அவ்வளவு நீளுமா மாப்ள?” என்றார். நீளும் மாமா, ஆனால் சாண் நீளத்துக்குப் படிகம் வாங்க உங்கள் வல்லத்தை விற்க வேண்டியிருக்கும் என்றேன்.

எவ்வளவு விசை தரும் என்பதை ஒரே வரியில் கணக்குப் போடலாம். காந்தத் திசைவிருப்ப ஆற்றல், அதாவது காந்தமாக்கலைக் குட்டை அச்சிலிருந்து திருப்ப ஆகும் ஆற்றல், ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் ஜூல். அதை 6 சதவீத நீட்சியால், அதாவது 0.06 ஆல் வகுத்தால் 25 லட்சம் பாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கால் கிலோ எடை அளவு. புலத்தை எவ்வளவு ஏற்றினாலும் காந்தம் தரும் தகைவு (ஒரு பரப்பளவுக்கு இவ்வளவு விசை என்ற அளவு) இதற்கு மேல் போகாது. ட்வின் எல்லையை நகர்த்த இதைவிடக் குறைந்த தகைவு போதும் என்றால் நகரும், இல்லையென்றால் படிகம் அசையாமல் கிடக்கும். மேற்பரப்பில் ஒரு கீறல், மெருகேற்றும்போது நசுங்கிய ஒரு மெல்லிய அடுக்கு, இவை அந்த எல்லையைப் பிடித்து நிறுத்திவிடும். மேற்பரப்பைப் பற்றிக் கவலைப்பட இதுவே ஒரு காரணம். அடுத்த காரணம் எலக்ட்ரான்.

படி 1: எலக்ட்ரான் கதையை முதலில் படித்துவிடுங்கள்

கருவியிடம் போவதற்கு முன், எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிய வேண்டும். கனசதுரமாக நிம்மதியாக இருக்கும் படிகம் ஏன் குளிர்ந்ததும் கோணிக்கொள்கிறது? பழைய விடை பட்டை யான்-டெல்லர் விளைவு: எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் உச்ச ஆற்றலுக்கு ஃபெர்மி மட்டம் என்று பெயர். அதற்குச் சற்றுக் கீழே, சுமார் 0.2 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில், நிக்கலின் சிறுபான்மைத் தற்சுழற்சி எலக்ட்ரான்கள் (எண்ணிக்கையில் குறைந்த சுழற்சித் திசையைச் சேர்ந்தவை) கும்பலாக நிற்கின்றன. படிகம் கோணினால் அந்தக் கும்பல் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி கீழே இறங்கும், மொத்த ஆற்றல் குறையும். இன்னொரு விடை, ஃபெர்மி மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான்களின் உந்தங்களைக் குறித்தால் கிடைக்கும் ஃபெர்மி பரப்பின் வடிவத்தைப் பார்க்கிறது: அதில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் பகுதிகள் இருந்தால், அவற்றை இணைக்கும் அலைநீளத்தில் படிக அணுக்களின் அதிர்வு தளர்ந்துபோகும். 1995 வாக்கில் நியூட்ரான் சிதறல் சோதனைகளில் அந்தத் தளர்ச்சி நன்றாகவே தெரிந்தது, அலை எண் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே. முன்னோட்ட நிலையில் அணுக்கள் மூன்றடுக்கு அலையாக நெளிவதும் அதோடு பொருந்துகிறது. மூன்றாவது தரப்பு, இந்த நெளிவு எல்லாம் அணு அளவில் ஒழுங்காக மடிந்த ட்வின்கள்தான், எலக்ட்ரானுக்கு இதில் பெரிய வேலை இல்லை என்று சொல்கிறது.

எனக்குத் தோன்றுவது, முன்னோட்ட நிலைக்கு ஃபெர்மி பரப்பு விளக்கம்தான் நன்றாகப் பொருந்துகிறது, மார்ட்டென்சைட்டுக்கு மடிப்பு விளக்கத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நீங்கள் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் இவற்றில் எதைச் சோதிக்க வேண்டுமென்றாலும் ஒளிமின் உமிழ்வு அளவீடு (ஒளியால் எலக்ட்ரானை வெளியே தள்ளி அதன் ஆற்றலை அளப்பது) வேண்டும், அந்த அளவீடு பார்ப்பதோ மேலே ஒன்றிரண்டு நானோமீட்டர் மட்டுமே. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: ஓர் அணுவுக்கு எத்தனை இணைதிறன் எலக்ட்ரான் என்ற எண். நிக்கலுக்கு 10, மாங்கனீஸுக்கு 7, காலியத்துக்கு 3. சரியான விகிதத்தில் 20, 7, 3 கூட்டினால் 30, நான்கு அணுக்களால் வகுத்தால் 7.5. இந்த எண் ஏறினால் உருமாற்ற வெப்பநிலையும் ஏறும். 50, 28.5, 21.5 சதவீதம் என்று எடுத்தால் 7.64 வரும், அந்தக் கலவை அறை வெப்பநிலையிலேயே மார்ட்டென்சைட்டாக இருக்கும். வெறும் 0.14 மாற்றம் நூறு டிகிரியைத் தூக்கிப் போடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்பது விளங்கும்.

படி 2: வீட்டில் ஒரு லென்ஸ், இரண்டு காந்தம்

அறை வெப்பநிலையில் மார்ட்டென்சைட்டாக இருக்கும் துண்டு ஒன்று கிடைத்தால், கருவி எதுவும் இல்லாமலே மேற்பரப்பு அமைப்பின் முதல் பாடத்தைப் படிக்கலாம். குட்டை அச்சுக்கும் நீள அச்சுக்கும் விகிதம் 0.94 என்று வைத்துக்கொண்டால், பக்கத்துப் பக்கத்து ட்வின்களின் மேற்பரப்புகள் ஒன்றுக்கொன்று சுமார் 3.5 பாகை சாய்ந்திருக்கும். 90 பாகையிலிருந்து, 0.94இன் தலைகீழ் டான்ஜென்டின் இரு மடங்கைக் கழித்துப் பாருங்கள், அதுதான் வரும். மெருகேற்றிய முகத்தில் இந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியும். சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் லென்ஸ் வைத்து மெதுவாகத் திருப்பினால், ஒரு பட்டை மின்னும்போது பக்கத்துப் பட்டை இருளும்.

அப்புறம் ஒரு நியோடைமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், போதவில்லை என்றால் எதிரெதிரே இரண்டு. நன்றாகப் பழக்கப்பட்ட படிகமாக இருந்தால் அந்த எல்லைக்கோடு துண்டின் மேல் ஓடுவதைப் பார்க்கலாம். நான் முதல் தடவை பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அம்மா மட்டும் “இதுக்கா இவ்வளவு வருஷம் படிக்கிற?” என்று கேட்டுவிட்டுப் போனார். காந்தத்தைச் சட்டென்று ஒட்டவிடாதீர்கள், இந்த உலோகம் எளிதில் உடையும்.

படி 3: மழைக்காலத்தில் கணக்கு

கருவி நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும். அதுவரை லேப்டாப்பில் வேலை இருக்கிறது. படிகத்தின் எலக்ட்ரான் அமைப்பையும் ஆற்றலையும் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ மென்பொருள் இலவசம், நான்கு அணுக்கள் கொண்ட சிறிய அலகுக்கு எட்டு ஜிபி நினைவகம் தாராளம். தற்சுழற்சியைச் சேர்த்தே ஓட்டுங்கள். முதலில் கனசதுரத்தின் பக்க அளவு 5.8 ஆங்ஸ்ட்ராம் அருகே வருகிறதா, மொத்தக் காந்தத் திருப்புத்திறன் சுமார் 4.1 போர் மேக்னட்டான் (அணு அளவில் காந்தத்தின் அலகு) வருகிறதா என்று பாருங்கள். அதில் பெரும்பங்கு, சுமார் 3.4, மாங்கனீஸுடையது, ஒவ்வொரு நிக்கலுக்கும் 0.3 அளவுதான். இந்த எண்கள் வரவில்லை என்றால் மேலே போக வேண்டாம்.

அடுத்து, கன அளவை மாற்றாமல் ஓர் அச்சை மட்டும் நீட்டியும் குறைத்தும் ஆற்றலை வரையுங்கள். நெளிவு இல்லாத அமைப்பில் ஆழமான பள்ளம் அச்சு விகிதம் 1.25 வாக்கில் வரும். ‘0.94 எங்கே போயிற்று?’ என்று பதறாதீர்கள், நானும் ஒரு வாரம் பதறினேன். 0.94 பள்ளம் அணுக்களின் நெளிவையும் சேர்த்த பெரிய அலகில்தான் சரியாக நிற்கும்.

அதன்பின் மேற்பரப்பு. கனசதுர முகத்துக்குச் செங்குத்தாக இறங்கினால் நிக்கல் மட்டும் உள்ள தளம், மாங்கனீஸும் காலியமும் கலந்த தளம் என்று மாறி மாறி வரும், இடைவெளி பக்கத்தின் கால் பங்கு, சுமார் 1.45 ஆங்ஸ்ட்ராம். ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்பது தளம் போல, மேலும் கீழும் ஒரே வகைத் தளம் முடியுமாறு ஒரு பலகை கட்டுங்கள், மேலே 15 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடுங்கள். சமச்சீராகக் கட்டினால் இருமுனைத் தொல்லை இருக்காது. நிக்கல் முடிவு ஒன்று, மாங்கனீஸ்-காலியம் முடிவு ஒன்று என இரண்டையும் தளர்த்தி ஓட்டுங்கள். இரண்டிலும் அணு எண்ணிக்கை வேறு என்பதால் ஆற்றலை நேரடியாக ஒப்பிட முடியாது, ஒவ்வொரு தனிமத்தின் வேதி ஆற்றலையும் (கெமிக்கல் பொட்டென்ஷியல்) ஓர் எல்லைக்குள் மாற்றி மாற்றி எந்த முடிவு எங்கே நிலைக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். மேல்தள மாங்கனீஸுக்குப் பக்கத்து அணுக்கள் குறைவு, அதனால் அதன் காந்தத் திருப்புத்திறன் உள்ளே இருப்பதைவிடக் கூடும். ஃபெர்மி மட்டத்தருகே இருந்த அந்த நிக்கல் கும்பலின் உருவம் மேல் தளங்களில் எப்படி மாறுகிறது என்று தளம் தளமாக அடர்த்தியை வரைந்து பாருங்கள், பிறகு அளவீட்டில் வரும் கோட்டைப் படிக்க அது கைகொடுக்கும்.

ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இடைநிலைக் கோப்பைச் சேமிக்கும்படி வைத்து, ரீஸ்டார்ட் வசதியோடு ஓட்டுங்கள். இரண்டு நாள் ஓடிய பலகைக் கணக்கு ஒரே மின்வெட்டில் போனால் வரும் கோபத்துக்கு மருந்தில்லை.

படி 4: துண்டு வெட்டுவதும் காப்பதும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எக்ஸ்-கதிரால் திசை பார்த்து, தீப்பொறி அரிப்பு முறையில் வெட்டுவார்கள், வெட்டிய முகம் கெட்டுப்போயிருக்கும், அந்த அடுக்கை மெருகேற்றி எடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் மின்வேதி மெருகு கொடுத்தால் நசுங்கிய அடுக்கும் போகும். ஆனால் அதற்கான அமிலக் கரைசல்கள் ஆபத்தானவை, பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். மெருகு முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலனுக்குள் வைத்து மூடுங்கள். ஈரக் கடற்காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர்களில் ஜெல் வெகு சீக்கிரம் நிறம் மாறும், அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஜிப் கவர் போதாது. அதை நான் ஏற்கெனவே சோதித்துவிட்டேன்.

படி 5: வெற்றிடத்துக்குள் மேற்பரப்பைச் செய்வது

இனிமேல்தான் உண்மையான வேலை. சுத்தமான உலோகப் பரப்பு காற்றில் ஒரு கணம்கூடத் தாங்காது. ஒரு டாரில் (டார் என்பது அழுத்தத்தின் அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில், மேலே வந்து மோதும் வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டால், ஒரு முழு அடுக்கு படிய ஏறத்தாழ ஒரு நொடி போதும். அதைவிடப் பத்தாயிரம் மடங்கு நல்ல வெற்றிடத்தில் பத்தாயிரம் நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான், அதற்குள் அளந்துவிட வேண்டும்.

மாதிரியைத் தாங்கியில் பொருத்தும்போது தாண்டலம் தகட்டால் மெதுவாகப் பிடித்து வையுங்கள், நெருக்கி இறுக்காதீர்கள். குளிர்வித்தால் இந்தத் துண்டு உண்மையிலேயே வடிவம் மாறும், இறுக்கிப் பிடித்தால் விரிசல் விடும், அல்லது ட்வின்கள் உங்கள் பிடிக்கு ஏற்றபடி அமைந்து நீங்கள் அளப்பது அந்தப் பிடியின் விளைவாகிவிடும். வெப்பநிலையை அளக்கும் வெப்ப இணைக் கம்பி மாதிரியையே தொடட்டும், தாங்கியை அல்ல. இரண்டுக்கும் இருபது முப்பது டிகிரி வித்தியாசம் வந்தால் உருமாற்ற வெப்பநிலையைப் பற்றி எழுத உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

பிறகு ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பை அரிப்பது. 0.5 முதல் 1.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஆக்சைடு போய்விடும், கார்பன் போய்விடும், எக்ஸ்பிஎஸ்ஸில் ஆக்சிஜன் கோடு மறைந்ததும் ‘ஆகா, சுத்தம்!’ என்று மனம் துள்ளும். அங்கேதான் ஏமாறுகிறோம். அயனி மூன்று தனிமங்களையும் சமமாகப் பிய்த்தெடுப்பதில்லை, மாங்கனீஸ் அதிகமாகப் போகும், நிக்கல் மிஞ்சும். ஒரு பேச்சுக்கு மேற்பரப்பு நிக்கல் 60, மாங்கனீஸ் 18, காலியம் 22 என்று ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் எண் 7.92. கையில் இருக்கும் துண்டு 7.5, கருவி பார்க்கும் தோல் 7.92. அணுக்களின் ஒழுங்கும் அயனி அடியில் குலைந்திருக்கும். இந்த நிலையில் ஃபெர்மி மட்டத்தை அளந்து முன்னோட்ட நிலை பற்றிக் கட்டுரை எழுதினால் அது வேறொரு உலோகத்தின் கதை.

மாமா கடல் பற்றிச் சொல்லும்போது, மேல நீவாடு (நீரோட்டம்) ஒரு பக்கம் இழுக்கும், அடி நீவாடு ஒரு பக்கம் இழுக்கும், மேலோட்டத்தை மட்டும் நம்பி வலை போட்டால் வலை போகிற இடம் வேறு என்பார். இந்தக் கட்டத்தில் எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும்.

இதற்கு வைத்தியம் சூடாக்குவது. மாதிரியைச் சூடாக்கினால் உள்ளிருந்து மாங்கனீஸ் மேலே ஏறி வந்து விகிதம் சரியாகும், அணுக்களும் திரும்ப ஒழுங்காகும். குறைவாகச் சூடாக்கினால் நிக்கல் மிகையாகவே நிற்கும். அதிகமாகச் சூடாக்கினால் மாங்கனீஸ் தேவைக்கு மேல் மேலே குவியும், இன்னும் ஏற்றினால் ஆவியாகியும் போகும், ஏனென்றால் மூன்றில் சுலபமாக ஆவியாவது அதுதான். 1071 கெல்வின் அருகே மாங்கனீஸ்-காலியம் ஒழுங்கே குலைந்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் போகவே கூடாது. எழுநூறு எண்ணூறு கெல்வின் அருகே தேடத் தொடங்கலாம், ஆனால் அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய வெப்ப இணை வேறு, உங்களுடையது வேறு. 50 டிகிரி இடைவெளியில் சூடாக்கி, ஆறவிட்டு, ஒவ்வொரு தடவையும் விகிதத்தை அளந்து ஒரு வரைகோடு போடுங்கள். நிக்கல்-மாங்கனீஸ் விகிதம் 2க்கு வரும் இடத்தைப் பிடித்தால் அதுதான் உங்கள் வெப்பநிலை. இந்த ஒரு வரைகோட்டுக்கு எனக்கு ஐந்து நாள் போயிற்று, அந்த ஐந்து நாளை வீண் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆறவிடும்போது மெதுவாக ஆறவிடுங்கள்.

படி 6: எக்ஸ்பிஎஸ், அதில் இருக்கும் ஒரு பொறி

விகிதத்தை அளக்க எக்ஸ்பிஎஸ்தான் கருவி. பெரும்பாலான கருவிகளில் எக்ஸ்-கதிர் தருவது அலுமினியம் மூலம், அதன் கதிர் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். அதிலிருந்து எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கழித்தால் கிடைக்கும் பிணைப்பு ஆற்றலில்தான் கோடுகளைக் குறிப்பார்கள். மாங்கனீஸின் 2பி எலக்ட்ரான்களின் கோடு 639 அருகே வரும் என்று புத்தகம் சொல்லும். வரும். ஆனால் நிக்கலின் ஆஜே எலக்ட்ரான்கள் (அணு தன் உள்ளே காலியான இடத்தை நிரப்பும்போது வெளித்தள்ளுபவை, எந்த மூலமானாலும் ஆற்றல் மாறாதவை) சுமார் 846 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு கிளம்பும். 1486.6இலிருந்து கழித்தால் 640.6. சரியாக மாங்கனீஸின் தலைமேல்! நிக்கல் மிகையாக இருக்கும் பரப்பில், இல்லாத மாங்கனீஸை இருப்பதாகக் காட்டும். மெக்னீசியம் மூலம் இருந்தால் அதற்கு மாறுங்கள், 1253.6 என்பதால் ஆஜே கோடு 407க்கு ஓடிவிடும். அலுமினியம் மட்டும்தான் இருக்கிறது என்றால் மாங்கனீஸின் 3பி, நிக்கலின் 3பி, காலியத்தின் 3டி கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், 47, 67, 18.5 அருகே. இந்த மூன்றுக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய ஒன்று, ஆகவே பார்க்கும் ஆழமும் ஒன்று, ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

காலியத்தில் ஒரு வசதி உண்டு. அதன் 2பி கோடு 1117 அருகே, அலுமினிய மூலத்தில் அந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 370தான், ஆகவே மேல்தோலை மட்டும் பார்க்கும். 3டி கோட்டின் எலக்ட்ரான் 1468உடன் வருவதால் இன்னும் ஆழமாகப் பார்க்கும். இரண்டையும் ஒப்பிட்டால் காலியம் மேலே குவிந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மாதிரியை 60 பாகை சாய்த்தாலும் பார்க்கும் ஆழம் பாதியாகும். இந்த இரண்டு சோதனையும் இல்லாமல் ‘மேற்பரப்பு விகிதம் சரியாக இருந்தது’ என்று யாராவது எழுதினால் நான் இப்போதெல்லாம் அப்படியே நம்புவதில்லை.

படி 7: லீட்டும் எஸ்டிஎம்மும்

விகிதம் சரியானதும் அணு ஒழுங்கைப் பார்க்க வேண்டும். லீட் என்பது குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களைப் பரப்பின் மேல் பாய்ச்சித் திரையில் புள்ளிகளாகப் பார்ப்பது. 100 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானின் அலைநீளம் 1.2 ஆங்ஸ்ட்ராம், அணு இடைவெளியோடு ஒப்பிடத்தக்கது. ஆஸ்டெனைட்டில் புள்ளிகள் சதுரமாக, கூர்மையாக நிற்க வேண்டும். புள்ளி பரவி மங்கலாக இருந்தால் சூடாக்கியது போதவில்லை. குளிர்வித்துக்கொண்டே போகும்போது முக்கியப் புள்ளிகளுக்கு இடையே துணைப்புள்ளிகள் முளைக்கும், அவைதான் அணுக்கள் அலையாக நெளிவதன் அடையாளம். எந்த வெப்பநிலையில் முளைக்கிறது, இடைவெளி சரியான பின்னமாக இருக்கிறதா, கொஞ்சம் விலகி நிற்கிறதா, சூடாக்கும்போது அதே இடத்தில் மறைகிறதா என்று கேமராவில் பதிந்துகொள்ளுங்கள். துண்டின் உட்பகுதி எப்போது உருமாறுகிறது என்பதைக் காந்த ஏற்புத்திறன் அளவீட்டிலிருந்து தனியாக எடுத்து வைத்திருந்தால்தான் மேல்தோல் முந்துகிறதா பிந்துகிறதா என்று சொல்ல முடியும்.

எஸ்டிஎம், கூரான ஊசியைப் பரப்பின் மேல் ஓட்டி அணு அளவில் படம் எடுக்கும் நுண்ணோக்கி. அதில் பரப்பின் படிக்கட்டுகளின் உயரத்தை அளவிடுங்கள். எல்லாப் படியும் 2.9 ஆங்ஸ்ட்ராம் என்றால் பரப்பு முழுக்க ஒரே வகைத் தளத்தில் முடிகிறது, 1.45 படிகள் கலந்து வந்தால் இரு வகையும் இருக்கிறது. சூடாக்கிச் சீராக்கிய பரப்பில் மாங்கனீஸ்-காலியம் முடிவுதான் பொதுவாக நிற்கும். டங்ஸ்டன் ஊசியின் முனை நன்றாக இல்லாத நாளில் அணு எதுவும் தெரியாது, டீ குடித்துவிட்டு வந்து வேறு ஊசி மாற்றுங்கள்.

படி 8: ஃபெர்மி மட்டத்தின் அருகே

ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியில் இணைதிறன் பட்டையை எடுத்தால் ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் நிக்கலின் 3டி மேடு பெரிதாகத் தெரியும், மாங்கனீஸின் பெரும்பான்மைத் தற்சுழற்சி நிலைகள் இன்னும் கீழே, 3 அருகே. ஒளியின் ஆற்றலை மாற்றினால் இரண்டின் பலமும் வெவ்வேறு விதமாக மாறும், அதை வைத்துப் பிரித்தறியலாம். இதற்குத்தான் சிங்க்ரோட்ரான் வேண்டும், வேண்டிய ஆற்றலில் ஒளியைத் தேர்ந்தெடுக்க உதவும் எலக்ட்ரான் முடுக்கி அது. நம் நாட்டில் இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் 450 மெகா எலக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-1, 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 இரண்டும் இருக்கின்றன. அதே ஊரில் உள்ள யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு பல்கலைக்கழக மாணவர்களுக்காகவே கருவிகளைத் திறந்து வைத்திருக்கிறது, இந்தக் கலவையின் மேற்பரப்பில் நல்ல ஆய்வுகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. பேராசிரியரோடு சேர்ந்து திட்டம் எழுதி விண்ணப்பியுங்கள். ராமநாதபுரத்திலிருந்து விண்ணப்பிப்பவர் என்று யாரும் குறைத்துப் பார்க்கப் போவதில்லை.

நீங்கள் தேடுவது, குளிரும்போது ஃபெர்மி மட்டத்தருகே எலக்ட்ரான் அடர்த்தி குறைந்து ஒரு பள்ளம் விழுகிறதா என்பது. 2008இல் ஒற்றைப் படிகத்தில் புற ஊதா ஒளியால் அளந்தபோது, முன்னோட்ட நிலையில் ஃபெர்மி மட்டத்துக்கு 0.3 எலக்ட்ரான் வோல்ட் கீழே அப்படிப்பட்ட ஒரு போலி இடைவெளி தெரிந்தது. முழுதாகத் திறக்காத இடைவெளி, அதனால்தான் போலி. ஆனால் கவனம்: வெப்பமே ஃபெர்மி விளிம்பை மழுங்கடிக்கும். 300 கெல்வினில் அந்த மழுங்கல் சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட், 150இல் அதில் பாதி. இரண்டு வெப்பநிலைக் கோடுகளை அப்படியே ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் வெறும் வெப்ப வித்தியாசமே பள்ளம் மாதிரி தெரியும். பக்கத்திலேயே ஒரு தங்கத் துண்டை ஒட்டி, அதே வெப்பநிலைகளில் அதையும் அளந்து, அதன் விளிம்பால் வகுத்த பிறகு எஞ்சுவதைத்தான் பள்ளம் என்று சொல்லலாம். அளக்கும்போது காந்தப்புலம் கொடுக்க முடியாது, வெளிவரும் எலக்ட்ரான்கள் வளைந்துவிடும். காந்தமாக்க வேண்டுமென்றால் முன்பே ஆக்கிவிட்டு, புலத்தை எடுத்துவிட்டு அளக்க வேண்டும்.

ஒவ்வொரு தொடர் அளவீடும் முடிந்ததும் இன்னொரு தடவை எக்ஸ்பிஎஸ் எடுத்து ஆக்சிஜன் கோடு எழுந்திருக்கிறதா, மாங்கனீஸ் விகிதம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். குளிர்ந்த மாதிரி, அறையில் மிச்சமிருக்கும் வாயுவை வேகமாகப் பிடித்துக்கொள்ளும். கடைசி நாள் காலையில் நான் எடுத்ததில் மிக அழகான பள்ளம் ஒன்று இருந்தது, நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டேன். மத்தியானம் எடுத்த எக்ஸ்பிஎஸ்ஸில் ஆக்சிஜன் கோடு குத்துக்கல்லாக நின்றது. அந்தப் படத்தை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை, அரித்துச் சூடாக்கி மறுபடி முதலிலிருந்து அளந்தேன். இரண்டாவது தடவை வந்த பள்ளம் முதலாவதைவிட ஆழம் குறைவு, ஆனால் அது இருந்தது.